ரிச்சி தெரு அண்ணனும் ஹனோவர் பத்திரிகையும்

இங்கே ஜெர்மனியின் ஹனோவரில், புதிதாக ஒரு பிசி அசெம்பிள் பண்ண வேண்டும், யாரைக் கேட்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் விசாரித்தேன். "யாரையும் கேட்க வேண்டாம், இதைப் படியுங்கள்" என்று ஒரு பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சுருக்கென்றது. நம் ஊரென்றால் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்து, மச்சானுக்குத் தெரிந்த கடைக்காரர் நம்பரையும் தந்திருப்பார்கள்.

அது 'ட்சே-டே' (c't) என்ற ஜெர்மன் கம்ப்யூட்டர் பத்திரிகை. 1983 கடைசியில் இதே ஹனோவரில் ஹைஸே பதிப்பகம் அதை ஆரம்பித்தது. மாத இதழாக இருந்து, 1997 முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. சொந்தமாக பிசி கட்டுகிறவர்களுக்கென்று அதில் எழுதுவார்களே, அதைப் படித்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. எந்த மதர்போர்டு, எந்த எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) என்பதோடு விடுவதில்லை. தாங்களே பூட்டி ஓட்டிப் பார்த்து, சும்மா இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கிறது, ஃபேன் சத்தம் எத்தனை சோன் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) என்று அளக்கிறார்கள். பயாஸ் என்கிற அடிப்படை செட்டிங்கில் எதை மாற்றினால் அந்த ஃபேன் அடங்கும் என்பது வரை இருக்கிறது.

அதைவிட மனசுக்குப் பிடித்தது 'ஃபோர்ஸிக்ட், குண்டே' ('ஜாக்கிரதை, வாடிக்கையாளர்') பகுதி. வாங்கிய சாமான் பழுதாகி, வாரண்டி இருந்தும் கம்பெனி இழுத்தடித்தால் வாசகர் எழுதிப் போடலாம். பத்திரிகைக்காரர்கள் தேதிவாரியாக நடந்ததை விசாரித்து, கம்பெனியிடம் விளக்கம் கேட்டு, பெயரைப் போட்டே அச்சிடுகிறார்கள். பாஷை தட்டுத்தடுமாறும் ஊரில், கஸ்டமர் கேரில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தவனுக்கு அதைப் படிக்கையில் எவ்வளவு தெம்பு வரும் தெரியுமா?

பத்திரிகை சொன்னபடியே பிசி கட்டினேன். பெரியவரே வந்து கேபினட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தன் வீட்டு நிலவறைக்குக் கூட்டிப்போனார். சுவர் நெடுக ஆண்டுவாரியாகப் பழைய இதழ்கள். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். நானும் சந்தா கட்டிவிட்டேன். இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஆனாலும் சென்னை ரிச்சி தெருவின் அந்தக் குறுகலான மாடிக்கடை நினைவை விட்டுப் போவதில்லை. வாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே என் முதல் மெஷினைப் பூட்டித் தந்த அண்ணன், "ஏதாவதுன்னா தூக்கிட்டு வா தம்பி" என்பார். இப்போதும் ராம் வாங்குமுன் அவருக்கு வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்புகிறேன்.

"அங்க விலை ஜாஸ்தி தம்பி. லீவுக்கு வருவல்ல, எடுத்து வைக்கிறேன்" என்கிறார்.