ஊசி போகாது, சர்க்கரை போகும்

"நஞ்சு விழுந்துவிட்டதா?" பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் பாட்டிமார், ஆணா பெண்ணா என்று கேட்டதற்கு அடுத்தபடியாக இதைத்தான் கேட்பார்கள். பத்தொன்பது ஆண்டுகளாகச் செவிலியாக இருக்கிறேன். நஞ்சுக்கொடியைத் தட்டில் விரித்து, மடல் எதுவும் பிய்ந்து கருப்பைக்குள் தங்கிவிடவில்லையே என்று பார்ப்பது என் வேலை. ஏறத்தாழ அரைக் கிலோ எடை, ஒரு சாண் அகலம். தாய்க்கு ரத்தப்போக்கு வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் பார்ப்பேன். ஒன்பது மாதமும் அது செய்த வேலையை வெகுகாலம் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நினைக்க வைத்தவள் ஒரு தாய். கர்ப்பகால நீரிழிவுக்கு இன்சுலின் எழுதிக் கொடுத்திருந்தோம். பிள்ளை 4 கிலோ 100 கிராம் பிறந்தது. ஒரு மணி நேரத்தில் கை கால் நடுங்கியது. குதிகாலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை வெறும் 28, மிகவும் குறைவு. பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"ஊசி ஒழுங்காகப் போட்டாயா அம்மா?"

"இல்லை சிஸ்டர். எனக்குப் போடுகிற மருந்து பிள்ளைக்கும் போய்விடுமே. சுகரை நான் தாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்."

பிள்ளைக்காகத்தான் விட்டிருக்கிறாள். "ஊசியை விடாமல் போடு" என்று மாதாமாதம் சொன்ன நான், ஏன் என்று ஒரு முறையும் சொல்லவில்லை.

அன்றிரவு பழைய பாடப்புத்தகத்தை எடுத்தேன். தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் கலப்பதில்லை. நஞ்சுக்கொடியில் பிள்ளையின் ரத்தக்குழாய்களைச் சுமந்த, விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் தாயின் ரத்தத்தில் நனைந்து கிடக்கின்றன. அவற்றின் மேற்பரப்பை விரித்தால் சுமார் 11 சதுர மீட்டர் வரும். ஆக்சிஜன் தானாகவே கசிந்து போகிறது. குளுக்கோஸைக் கடத்திவிட அந்தச் சுவரிலேயே தனிப் புரதங்கள் இருக்கின்றன. தாயிடம் கூடினால் பிள்ளைக்கும் கூடும். புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களை நஞ்சுக்கொடி தன் ஆற்றலைச் செலவழித்து இழுத்துக் கொடுக்கிறது. அதனால் அவை தாயிடம் இருப்பதைவிடப் பிள்ளையிடம் அதிகம்.

இன்சுலினோ கடப்பதில்லை. அது பெரிய மூலக்கூறு என்பதால்தான் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அதைவிட இருபது மடங்குக்கு மேல் எடையுள்ள ஐஜிஜி (IgG) என்ற நோய் எதிர்ப்புப் புரதம் கடந்துவிடுகிறது! அதைப் பிடித்து அக்கரை சேர்க்கத் தனி ஏற்பி உண்டு. கர்ப்பிணிக்கு நாங்கள் போடும் ரணஜன்னித் தடுப்பூசி, பிறக்கும் பிள்ளையையும் காப்பது இந்த வழியில்தான்.

அவள் பிள்ளைக்கு நேர்ந்ததும் புரிந்தது. தாயிடமிருந்து அளவுக்கு மீறிச் சர்க்கரை வர வர, பிள்ளையின் கணையம் தானே இன்சுலினைச் சுரந்து தள்ளியிருக்கிறது. உடம்பு பருத்ததும் அதனால்தான். கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றது. இன்சுலின் சுரப்பு உடனே அடங்காததால் பிள்ளையின் சர்க்கரை சரிந்துவிட்டது. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி, தாய்ப்பால் கொடுத்து, பிள்ளை தேறியது.

இப்போதெல்லாம் இன்சுலின் எழுதிய ஒவ்வொருத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறேன்: ஊசி போகாது, சர்க்கரை போகும். அதற்கு மூன்று நிமிடம் ஆகிறது. வெளியே வரிசை நீண்டாலும் சரி.

மூன்று ஆண்டுகள் கழித்து அவளே அடுத்த பிரசவத்துக்கு வந்தாள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் மருந்தை வைத்து, ஒரு வேளை தவறாமல் போட்டிருந்தாள். பிள்ளை 3 கிலோ. குதிகாலில் குத்திப் பார்த்தோம், சர்க்கரை சரியாக இருந்தது. நஞ்சைத் தட்டில் விரித்துக்கொண்டிருந்தபோது, "பார்க்கிறாயா அம்மா?" என்று கேட்டேன். முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள்.

"இதன் வழியாகத்தானா சிஸ்டர்?"