பளபளக்கும் கார்டுகள் வளைந்துபோன கதை

மழைக்காலம் முடிந்து டப்பாவைத் திறந்தால், நான் சேர்த்துவைத்த விளையாட்டு வீரர் படக் கார்டுகளில் பாதி படகு மாதிரி வளைந்து கிடக்கின்றன. பழைய சாதா அட்டைக் கார்டுகளும் அதே டப்பாவில்தான் இருந்தன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, பளபளப்பானவை மட்டும்தான் இப்படி. காரணம் எளிது. முன்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம், பின்னால் காகித அட்டை. ஈரத்தைக் குடித்துக் காகிதம் விரிகிறது, படலம் விரிவதில்லை, அதனால் கார்டு முன்பக்கம் குழிந்துவிடுகிறது.

பதறிப்போய் நான் செய்த முதல் வேலையே தப்பு. உறை எதுவும் போடாமல் வெறும் கார்டுகளை அடுக்கி, மேலே தடித்த புத்தகங்களை ஏற்றி வைத்தேன். வளைவு கொஞ்சம் குறைந்தது உண்மைதான், ஆனால் ஒன்றோடொன்று உரசி ரிஃப்ராக்டர் என்னும் பளபளப்புக் கார்டு ஒன்றின் நடுவில் மயிரிழை போல மூன்று கீறல்கள். நேராகப் பார்த்தால் தெரியாது, விளக்கடியில் சாய்த்தால்தான் தெரியும். சாய்த்தால் வானவில் தெரிகிறதே என்றுதானே ரிஃப்ராக்டர் சேர்ப்பது! (1993-இல் டாப்ஸ் நிறுவனத்தின் ‘ஃபைனஸ்ட்’ பேஸ்பால் கார்டுத் தொடரில் ரிஃப்ராக்டர் முதலில் வந்தபோதும் மக்களை மயக்கியது இந்த வானவில்தான்.)

அதற்கப்புறம் கார்டு கைக்கு வந்ததும் முதலில் பென்னி ஸ்லீவ் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் உறை, மற்றதெல்லாம் பிறகு. விளிம்பை மட்டும் பிடிப்பேன், ரேகை பதிந்தால் இந்தப் பரப்பில் அப்படியே காட்டிக்கொடுக்கும். ஸ்லீவின் வாயில் மூலை இடித்து நசுங்குவதுதான் பெரிய தொல்லையாக இருந்தது, வாயோரத்தில் ஒரு மூலையைச் சின்னதாக வெட்டிவிட்டால் கார்டு வழுக்கிக்கொண்டு போகிறது. பிறகு டாப்லோடர், அதாவது விறைப்பான பிளாஸ்டிக் உறை. இதில் தடிமன் பார்க்க வேண்டும்: ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சாதாரண டாப்லோடர் 35 பாயிண்டுக்கானது, ஜெர்சித் துணி வைத்த கார்டுகள் 130 வரைகூடப் போகும். அளவு பெரிதானால் உள்ளே ஆடும், சிறிதானால் ஓரம் போகும்.

ஈரத்துக்குக் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. ஆர்வக்கோளாறில் ஜெல் பொட்டலங்களை அள்ளிப் போட்டேன், ஒரு வாரத்தில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கி, இரண்டு கார்டுகள் இந்த முறை பின்பக்கமாக வளைந்துவிட்டன! பாதிப் பொட்டலங்களை எடுத்தபின் 45-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கிறது, வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

பைண்டரும் வாங்கினேன். பிவிசி இல்லாத பக்கங்கள், பக்கவாட்டில் செருகும் வகை, வளையம் டி வடிவம். வட்ட வளையம் என்றால் முதல் சில பக்கங்கள் வளைவில் ஏறி, உள்ளோரக் கார்டில் தடம் விழுகிறது. ஆனாலும் நல்ல கார்டு எதையும் பைண்டரில் வைக்க மனம் வரவில்லை, மலிவானவை மட்டும் அங்கே.

இப்போதைய நிலவரம்: வளைந்தவற்றில் முக்கால்வாசி டாப்லோடருக்குள் தானாகவே தட்டையாகிவிட்டன. பிடிவாதமான நாலைந்தை விட்டுவிட்டேன், அழுத்தி நிமிர்த்தப்போய் படலத்தில் மடிப்பு விழுந்தால் கார்டே போச்சு. கீறல் விழுந்த ரிஃப்ராக்டர் மேசை மேல் நிற்கிறது, அதை மட்டும் உறையில்லாமல் எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொள்கிறேன்.