குழாய்க்கும் தாங்கு தகட்டுக்கும் இடையில் விடும் இடைவெளி

குழாய்களுக்குள் கடல்நீரை ஓடவிட்டு, வெளியே ஓடும் எண்ணெயைக் குளிர்விக்கும் கடல்நீர்க் கூலர் ஒன்று ஒழுகத் தொடங்கினால் எல்லோருடைய கையும் முதலில் போவது குழாயின் நுனிக்குத்தான். மூடியைக் கழற்றி, குழாய் நுனிகள் பொருந்தும் ரியூப் பிளேற்றில் குழாயை விரித்துப் பிடித்த இடம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். தொடக்கம் சரிதான். நுனி நன்றாக இருந்து, குழாய் உள்ளே எங்கோ ஓட்டையாகியிருந்தால் அடுத்துச் சந்தேகிக்க வேண்டிய இடங்கள் இரண்டு: குழாய்களை இடையிடையே பிடிக்கும் தாங்கு தகட்டின் துளைக்குள் மறைந்திருக்கும் பகுதி, இரண்டு தகடுகளுக்கு நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்கும் இழுவைப் படகின் ஒயில் கூலருக்கும் அணுமின் நிலையத்தின் நீராவிப் பிறப்பாக்கிக்கும் இதில் வேறுபாடு இல்லை. பௌதிகம் ஒன்று, விளைவின் பாரம்தான் வேறு.

பஃபிள் என்று நாம் சொல்லும் அந்தத் தகட்டை வெறும் தடுப்பாக நினைப்பது இங்கே பரவலான பழக்கம். எண்ணெயை வளைத்து வளைத்து ஓடவைப்பது அதன் ஒரு வேலை. குழாயைப் பக்கவாட்டில் அசையாமல் பிடிப்பது மற்ற வேலை, என் கணிப்பில் அதுவே முக்கியமானது. அப்படிப் பிடிக்கும்போதே குழாய் நீளவாக்கில் வழுக்கிப் போகவும் விட வேண்டும், ஏனென்றால் சூடானால் குழாய் நீளும். 3 மீற்றர் நீளமான குப்ரோநிக்கல் (செப்பு-நிக்கல் கலவை) குழாய் 30 பாகை கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 1.5 மி.மீ. நீளும். துளை தளர்வாக இருந்தால் குழாய் ஆடித் தேயும். இறுகினால் குழாய் நெரியும், அல்லது வளையும். எல்லாமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

குழாய் வெப்பமாற்றி உற்பத்தியாளர் சங்கத்தின் டெமா (TEMA) தரம் இதற்குத் தெளிவான எண் தருகிறது. ஒன்றேகால் அங்குலம் வரை விட்டமுள்ள குழாயில், தாங்கலில்லாத நீளம் 36 அங்குலத்தைத் தாண்டினால், துளை குழாயின் வெளிவிட்டத்தைவிட 0.4 மி.மீ. மட்டுமே பெரிதாக இருக்கலாம். 36 அங்குலம் அல்லது அதற்குக் குறைவு என்றால் 0.8 மி.மீ. வரை விடலாம். முக்கால் அங்குலக் குழாயைத் தாங்கல் இல்லாமல் விடக்கூடிய ஆகக்கூடிய நீளம் உருக்குக்கு 1524 மி.மீ., செப்புக் கலவைகளுக்கு 1321 மி.மீ. இவை மேல் எல்லைகள். இதற்குள் இருந்தால் அதிர்வு வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அதிர்வைத் தனியாகக் கணக்கிட்டே பார்க்க வேண்டும்.

கணக்கு கடினமானதல்ல. முக்கால் அங்குல விட்டம், 1.65 மி.மீ. சுவர், 90/10 குப்ரோநிக்கல், உள்ளே கடல்நீர், வெளியே எண்ணெய் என்று எடுப்போம். இரண்டு தகடுகளுக்கு இடையில் 1 மீற்றர் இருந்தால் அந்தக் குழாயின் இயல்பு மீடிறன், அதாவது தட்டிவிட்டால் ஒரு செக்கனுக்கு அது தானாக ஆடும் தடவைகள், சுமார் 28 ஹேர்ட்ஸ். இடைத்தூரத்தை அரை மீற்றராக்கினால் 114 ஹேர்ட்ஸுக்குக் கிட்ட ஏறுகிறது. மீடிறன் இடைத்தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக மாறுவதுதான் காரணம். இதை மறுபக்கமாகவும் வாசிக்க வேண்டும்: ஒரு தகடு கறள் பிடித்துப் பயனற்றுப்போனால் அந்த இடத்தில் இடைத்தூரம் இரட்டிக்கும், மீடிறன் காற்பங்காகும்.

பஃபிளில் வெட்டப்பட்ட பக்கத்தில், அதாவது எண்ணெய் திரும்பும் சாளரப் பகுதியில் நிற்கும் குழாய்களுக்கு இந்த நிலை பிறவியிலேயே இருக்கிறது. அவற்றை ஒன்றுவிட்டு ஒரு தகடுதான் பிடிக்கிறது. முதலில் தேய்வது பெரும்பாலும் அவைதான், அதிலும் எண்ணெய் நுழையும் வாய்க்கு நேரே நிற்பவை. சாளரத்தில் குழாயே வைக்காமல் வடிவமைக்கும் முறையும் உண்டு. கூலர் கொஞ்சம் பெரிதாகும், ஆனால் ஒவ்வொரு குழாயையும் எல்லாத் தகடுகளும் பிடிக்கும்.

குழாயைக் குறுக்கே அடித்து ஓடும் திரவம் அதை மூன்று விதமாக ஆட்டுகிறது. கொந்தளிப்பான ஓட்டம் எப்போதும் கொஞ்சம் ஆட்டும். அது மெதுவாகத் தேய்க்கும். குழாயின் பின்னால் உருவாகும் சுழிகள் குறிப்பிட்ட மீடிறனில் தட்டும். அது குழாயின் இயல்பு மீடிறனோடு பொருந்தினால் தொல்லை. மூன்றாவது வகையில் ஒரு குழாயின் அசைவு பக்கத்துக் குழாயைச் சுற்றிய ஓட்டத்தை மாற்ற, அந்த மாற்றம் திரும்ப முதல் குழாயைத் தள்ள, ஆட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. ஓட்டவேகம் ஓர் எல்லையைத் தாண்டும் வரை ஒன்றும் தெரியாது. தாண்டிவிட்டால் குழாய்கள் ஒன்றோடொன்று மோதும், கூலர் நாட்கணக்கில் அழியலாம். 1970 இல் கொனர்ஸ் என்ற ஆய்வாளர் தந்த சமன்பாடு இந்த எல்லையைக் கணிக்கிறது. அதன் சாரம்: எல்லைவேகம் குழாயின் மீடிறனுக்கு நேர்விகிதம், குழாயின் பாரமும் அதிர்வை அடக்கும் தன்மையும் கூடக்கூட அவற்றின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். பம்பை மாற்றும்போது "கொஞ்சம் பெரிதாகவே போடுவோம்" என்று சொல்பவர்கள் இந்த எல்லை எங்கே இருக்கிறது என்று ஒருமுறையாவது கணக்குப் போட வேண்டும்.

கடல்நீர் என்பதால் இங்கே அடிக்கடி எழும் இன்னொரு யோசனை, குப்ரோநிக்கலைக் கழற்றிவிட்டு டைட்டேனியம் போடுவது. அரிப்புக்கு எதிராக டைட்டேனியத்தை மிஞ்ச ஆளில்லை. ஆனால் விலை காரணமாக அது மெல்லிய சுவரோடுதான் வரும். மேலே எடுத்த அதே குழாயை 0.71 மி.மீ. சுவருள்ள டைட்டேனியமாக மாற்றினால் விறைப்பு ஏறக்குறைய 40 வீதத்துக்கு இறங்குகிறது. மீடிறன் 28 இலிருந்து 23 ஹேர்ட்ஸுக்குச் சற்று மேல் வரைதான் குறைவதால் பெரிய மாற்றமில்லை என்று தோன்றும். பாரமும் குறைந்திருப்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் விடயம் விளங்கும்: அடக்கும் தன்மை மாறாது என்று வைத்துக்கொண்டாலும் எல்லைவேகம் பழையதில் 63 வீதம்தான். அதை ஈடுசெய்ய 1 மீற்றர் இடைத்தூரம் 80 சென்ரிமீற்றராக வேண்டும். பழைய பஃபிள்களை அப்படியே வைத்துக் குழாயை மட்டும் மாற்றிய கொண்டென்சர்கள் (சுழலியிலிருந்து வரும் நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் வெப்பமாற்றிகள்) அதிர்வதும், பிறகு குழாய் வரிசைகளுக்கு நடுவே ஆப்புப் பட்டிகளைச் செருகி அடக்குவதும் மின்நிலையங்களில் தெரிந்த கதை.

அணு உலைப் பக்கம் போனால் இதே இடைவெளியின் விலை தெரியும். அழுத்த நீர் உலையின் நீராவிப் பிறப்பாக்கி ஒன்றில் 3,000 முதல் 16,000 குழாய்கள் வரை இருக்கும். பெரும்பாலும் முக்கால் அங்குலத்தை ஒட்டிய விட்டம், ஒரு மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும் சுவர். உள்ளே 155 பார் அமுக்கத்தில் உலையின் நீர், வெளியே கொதிக்கும் நீர். கதிரியக்கமுள்ள நீருக்கும் சுழலிக்குப் போகும் நீராவிக்கும் நடுவில் இருப்பது அந்தச் சுவர் மட்டும்தான்.

முதல் தலைமுறையில் தாங்கு தகடுகளைச் சாதாரண கார்பன் உருக்கில் செய்து, வட்டத் துளை போட்டார்கள். அந்த ஒடுங்கிய வளையத்துக்குள் நீர் கொதித்து வற்ற, கொண்டென்சர் ஒழுக்கால் வந்த குளோரைட்டு அங்கே செறிந்தது. தகடு கறள் பிடித்தது. மக்னடைட் என்னும் அந்தக் கறுப்புக் கறள், தான் தின்ற உருக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். போக வழியில்லாமல் அது குழாயையே சுற்றி நெரித்தது. அமெரிக்காவின் சர்ரி நிலையத்தில் தகடுகள் உருமாறி, நடுவில் நீரோட்டத்துக்காக விட்டிருந்த நீள் துளைகள் இடுப்பு ஒடுங்கியதுபோல் நெரிந்தன. அதனால், தலைகீழ் யு வடிவில் வளைந்த குழாய்களில் வளைவு மிக இறுக்கமான முதல் வரிசைக் குழாயின் கால்கள் உள்நோக்கித் தள்ளப்பட்டு, 1976 செப்டெம்பர் 15 அன்று 2ஆம் அலகில் ஒரு குழாய் வளைவிலே வெடித்தது. கடல்நீர்க் கொண்டென்சர் வைத்திருக்கும் யாருக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை: ஒழுகும் கொண்டென்சர் குழாய் ஒன்று, எங்கோ தள்ளியிருக்கும் இன்னொரு வெப்பமாற்றியின் தாங்கு தகட்டைத் தின்னும்.

பிறகு வந்த வடிவங்களில் தகடு துருப்பிடியா உருக்குக்கு மாறியது. வட்டத் துளைக்குப் பதிலாக நான்கு இதழ்ப் பூவைப்போன்ற துளை வந்தது. இதழ்களுக்கு இடையிலுள்ள மேடுகள் மட்டும் குழாயைத் தொடும். இதழ்கள் வழியே நீர் ஓடி இடத்தைக் கழுவும். பட்டிகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிய வலைத் தாங்கியும் அதே நோக்கத்துக்குத்தான். ஆனாலும் பூத்துளைகள் அடைபடாதவை அல்ல. பிரான்சின் குரூவாஸ் நிலையத்தில் 2004 முதல் 2006 வரை ஏற்பட்ட குழாய் ஒழுக்குகளில், படிவு துளைகளை அடைத்து, நீர் மற்ற இடங்கள் வழியே வேகமாகப் பாய்ந்து, குழாய்கள் ஓயாத ஆட்டத்தால் களைப்புற்று விரிசல்விட்டது தெரியவந்தது. இரசாயனக் கழுவல் செய்துதான் அவற்றைத் திறந்தார்கள்.

குழாய்கள் தலைகீழ் யு வடிவில் வளையும் மேற்பகுதிக்குத் தகடு போட முடியாது. அங்கே வரிசைகளுக்கு இடையில் அதிர்வுத் தடுப்புப் பட்டிகளைச் செருகுவார்கள். யப்பானின் மிஹாமா 2ஆம் அலகில் 1991 பெப்ரவரி 9 அன்று ஒரு குழாய் முழுதாக முறிந்தது. அந்தப் பட்டி வரைபடத்தில் இருந்த ஆழத்துக்குச் செருகப்பட்டிருக்கவில்லை. வரைபடம் சரி, பொருள் சரி, பொருத்தியது குறை.

கலிபோர்னியாவின் சான் ஒனோபிரேயில் நடந்ததுதான் எனக்கு இத்துறையின் மிகப் பெரிய பாடம். ஒவ்வொன்றிலும் 9,727 குழாய்களோடு புதிதாகப் பொருத்திய நீராவிப் பிறப்பாக்கிகள். 3ஆம் அலகு ஒரு வருடம்கூட ஓடி முடிக்கவில்லை; 2012 சனவரி 31 அன்று ஒழுகியது. சோதனையில் 8 குழாய்கள் தேவையான அமுக்கத்தைத் தாங்கவில்லை. பட்டிகள் குழாயை இரண்டு பக்கமும் தட்டையாகப் பிடித்திருந்தன, இடைவெளியும் மிக நுட்பமாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஆனால் வளைவின் தளத்திலேயே, பட்டிகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஆடுவதை நிறுத்த, உராய்வைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. உராய்வு வர வேண்டுமானால் பட்டி குழாயை அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் போதவில்லை. மேற்பகுதியில் கனவளவில் 99 வீதத்துக்கு மேல் நீராவி. வேகம் கூட, அதிர்வை அடக்கும் நீர் குறைவு. குழாய்கள் ஒன்றையொன்று உரசித் தேய்ந்தன. 2013 யூனில் நிலையத்தை நிரந்தரமாக மூடினார்கள். தாங்கி இருக்கிறதா என்று கேட்டால் போதாது, எந்தத் திசையில் பிடிக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இனி கூலரைத் திறந்தவருக்கு. குழாய்க் கட்டை வெளியே இழுத்ததும் கழுவ அவசரப்பட வேண்டாம், அடையாளங்கள் போய்விடும். தகடு இருந்த இடத்தில் பளபளக்கும் வளையம் இருந்தால் தேய்வு தொடங்கியிருக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் பள்ளம் இருந்தால் குழாய் ஒரு திசையில் ஆடுகிறது. தகட்டுத் துளை எந்தப் பக்கம் நீள்வட்டமாகியிருக்கிறது என்று பார்த்தால் அந்தத் திசை தெரியும். இரண்டு தகடுகளுக்கு நடுவே, அயல் குழாய்கள் ஒன்றையொன்று நோக்கும் பக்கத்தில் சாய்சதுர வடிவத் தேய்வு இருந்தால் அவை மோதியிருக்கின்றன. அப்போது குழாயை மட்டும் மாற்றிப் பயனில்லை. இடைத்தூரத்தையோ ஓட்டத்தையோ மாற்ற வேண்டும்.

துளைகளைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். 19.05 மி.மீ. குழாய்க்கு 19.45 மி.மீ. துளை என்றால், ஒரு முனை 19.45, மறுமுனை 20 மி.மீ. உள்ள அளவுக் கம்பி ஒன்றைக் கடைச்சல் பட்டறையில் செய்துகொள்ளலாம். 20 மி.மீ. முனை தாராளமாக நுழையும் துளைகள் பல இருந்தால் அந்தத் தகட்டை மாற்றுவதே நல்லது. புதுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி ஒரே தடவையில் துளையிட வேண்டும். தனித்தனியே துளைத்தால் துளைகள் நேர்கோட்டில் வராமல் குழாய் வளைந்து நிற்கும். துளையின் இரு பக்கப் பிசிறையும் எடுக்க வேண்டும். விட்ட பிசிறு, குழாயைச் செருகும்போது நீளக் கோடு கீறும், பிறகு ஓடும்போது கத்திபோல் அறுக்கும். குழாய் கையால் தள்ளினாலே போக வேண்டும். சுத்தியலால் அடித்துத்தான் போகிறது என்றால் எங்கோ நேரில்லை. தகடுகளை இடத்தில் நிறுத்தும் இணைப்புக் கம்பிகளையும் இடைக்குழல்களையும் மறக்க வேண்டாம். அவை கறள் பிடித்து முறிந்தால் தகடே நகரும்.

மாரி காலத்தில் மகாவலி கொட்டியாரக் குடாவுக்குள் கொண்டுவரும் சேறும் குப்பையும் வடிகட்டியைத் தாண்டிக் குழாய்க்குள் புகுந்தால் இன்னொரு வழியில் தொல்லை வரும். அடைபட்ட குழாயில் குளிர்ந்த நீர் ஓடாது. அது எண்ணெயின் வெப்பநிலைக்கு ஏறி, அயல் குழாய்களைவிட நீள முயலும். இரு நுனியும் பிடிபட்டிருப்பதால் நெருக்குண்டு வில்லாக வளையும். நெருக்குண்ட குழாயின் மீடிறனும் குறையும். ஆகவே அடைப்பை உடனே எடுக்க வேண்டும்.

சுவர்த் தேய்வை அளக்கக் காந்தமேறாத குழாய்களுக்கு எடி கரண்ட் சோதனை (குழாய்க்குள் சுருள் ஒன்றை அனுப்பி, சுவரில் தூண்டப்படும் மின்னோட்டத்தின் மாற்றத்தை அளப்பது) பொருத்தம். உருக்குத் தகட்டின் சைகை பெரிதாக வந்து அதற்குக் கீழுள்ள தேய்வை மறைக்கும் என்பதால், இரண்டு மீடிறன்களை எடுத்துத் தகட்டின் பங்கைக் கழிக்கும்படி சோதனை செய்பவரிடம் கேட்க வேண்டும். அமெரிக்க அணுமின் நிலையங்களில் வழமையான வரம்பு, சுவரில் 40 வீதம் தேய்ந்தால் அந்தக் குழாயை நுனிகளில் அடைத்துப் பாவனையிலிருந்து விலக்குவது.

அடைப்பதோடும் வேலை முடியாது. அதிர்ந்து தேய்ந்த குழாய் அடைத்த பின்னும் அதிர்ந்துகொண்டே இருக்கும், முறிந்தால் அயல் குழாயை அடிக்கும். அமெரிக்காவின் திரி மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் 1ஆம் அலகில், அடைத்துவிட்ட குழாய் ஒன்று உள்ளேயே துண்டிக்கப்பட்டிருந்தது 2001 இல் தெரியவந்தது. அதனால் அதிர்வால் போன குழாய்க்குள், பாதிக்கப்பட்ட தகடுகளைத் தாண்டிப் போகும் நீளத்துக்கு ஒரு உறுதிக் கம்பியையோ முறுக்குக் கம்பியையோ செருகிய பின்பே இரு நுனியையும் அடைக்க வேண்டும். அடைத்த குழாயின் வரிசை, இலக்கம், ஓட்டை நுனியிலிருந்து எத்தனை மில்லிமீற்றரில் இருந்தது, அது எந்தத் தகட்டின் இடத்தோடு பொருந்துகிறது என்று ஒரு தாளில் குறித்து, கூலரின் கோப்பிலேயே வையுங்கள். அடுத்த முறை திறப்பவர் எந்தத் தகட்டிலிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.