களி உருண்டை, தங்கூசி, செருப்புத் தக்கை: கே.ஆர்.பி. அணையிலிருந்து நாகமரை வரை

தூண்டில் போடக் கிளம்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அணை மட்டம். கே.ஆர்.பி. அணையின், அதாவது கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணையின், முழு உயரம் 52 அடி. இன்றைய மட்டம் எவ்வளவு என்பது அவ்வளவு முக்கியமில்லை, நேற்றைக்கு இருந்ததை விட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதுதான் கணக்கு. அரை அடி ஏறினாலும் போதும், கரையோரம் காய்ந்து கிடந்த புல் நனைந்து, அதிலிருந்த புழு பூச்சியைத் தேடி மீன் முழங்கால் ஆழத்துக்கே வந்துவிடும். பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து மட்டம் இறங்கும் நாட்களில் மீன் ஆழத்துக்குப் போய் ஒடுங்கிவிடும். அன்றைக்கு எந்த இரையைப் போட்டாலும் தக்கை அசையாது. அந்த நாளில் அணை வாசலில் பொரித்த மீன் வாங்கித் தின்றுவிட்டு வந்துவிடலாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து அணை பத்து கிலோமீட்டர் சுமாருக்கு. வெளிச்சம் வரும் முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கோடையில் எட்டரைக்கு மேல் வேலை நடக்காது. மதகு இருக்கும் பக்கம் தூண்டிலோடு போகவே கூடாது, காவலில் இருப்பவர்கள் விரட்டுவார்கள், விரட்டுவதுதான் நியாயமும். நீர்ப்பிடிப்புப் பக்கத்துக் கிராமங்கள் வழியாகக் கரைக்கு இறங்கலாம். இறங்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். அணை, ஏரி எதுவானாலும் மீன்பிடி உரிமை மீன்வளத்துறையிடமோ, கூட்டுறவுச் சங்கத்திடமோ, குத்தகைக்காரரிடமோ இருக்கும். "அண்ணா, ஒரு கோல் மட்டும் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். கேட்காமல் போட்டால் கோலும் போகும், மரியாதையும் போகும்.

இந்தப் பக்கத்துக்கு ரீல் வைத்த வெளிநாட்டு ராடு தேவையே இல்லை என்பது என் கட்சி. பத்திலிருந்து பன்னிரண்டு அடி கல் மூங்கில் போதும். உள்ளே பொந்து இல்லாததாகப் பார்த்து வெட்டி, நிழலில் ஒரு மாதம் காயவிட்டு, கோணலான கணுவில் எண்ணெய் தடவி அனலில் காட்டி நிமிர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும்.

தங்கூசியை, அதாவது தூண்டில் நைலான் நரம்பை, கோலின் நுனியில் மட்டும் முடிந்துவிடுவதுதான் பலரும் செய்கிற தப்பு. நுனி ஒடிந்தால் மீன், முள், தக்கை, நரம்பு எல்லாம் சேர்ந்து போய்விடும். நரம்பை நடுக்கணுவில் ஒரு முடிச்சு போட்டு, அங்கிருந்து கோலைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய், நுனியில் இன்னொரு முடிச்சு போட்டு வெளியே விட வேண்டும். நுனி போனாலும் நரம்பு கையில் நிற்கும். வெளியே தொங்கும் நீளம் கோலின் நீளமே. அதைவிட அதிகமானால் மீனைக் கைக்குக் கொண்டுவர முடியாது.

ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் 0.25 மி.மீ. நரம்பு, ரோகு மிர்காலுக்கு 0.40, விராலுக்கு 0.50. முள் வாங்கும்போது எண் கூடக்கூட முள் சிறிசு என்பதை மறக்கக் கூடாது: ஜிலேபிக்கு 10 அல்லது 12, ரோகுவுக்கு 6. முடிச்சு போடும் விதம் இது. நரம்பை முள்ளின் காதில் விட்டு, அதன் மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றி, காதுக்குப் பக்கத்தில் உண்டான கண்ணிக்குள் நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்க வேண்டும். எச்சில் எதற்கென்றால், காய்ந்த நரம்பை வெடுக்கென்று இறுக்கினால் உரசலில் சூடாகி அந்த இடம் பலம் இழக்கும். நல்ல மீன் மாட்டும்போது சரியாக அங்கேயே அறும். வாலில் மூன்று மில்லிமீட்டர் விட்டு நறுக்க வேண்டும், ஒட்ட நறுக்கினால் நழுவும்.

தக்கைக்குச் சோளத்தட்டை நெட்டு அரை மணி நேரம் தாங்கும், பிறகு தண்ணீர் குடித்து மூழ்கும். பழைய ரப்பர் செருப்பை விரல் நீளத்துக்கு வெட்டித் துளை போட்டால் ஆயுளுக்கும் ஒரே தக்கை. ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்த வேண்டும். பாதித் தக்கை வெளியே நின்றால் மீன் இழுக்கும்போது அந்த மிதப்பின் பாரம் அதன் வாயில் தட்டும், இரையைத் துப்பிவிடும். தக்கை படுத்துக்கொண்டால் ஈயம் தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அப்போது தக்கையைக் கீழே இறக்கினால் நிமிரும். ஆழம் பார்க்க வேறு கருவி வேண்டாம்.

இரைக்கு வருவோம். களி தின்கிற ஊரில் மீனும் களி தின்னும். காவிரியில் மகசீர் பிடிக்க வந்த வெள்ளைக்காரர்களே ராகி உருண்டையைத்தான் முள்ளில் வைத்தார்கள். ஆனால் தட்டில் விழுகிற களி முள்ளில் நிற்காது. அதில் தண்ணீர் அதிகம், ராகிக்குக் கோதுமையைப் போல இழுவையும் கிடையாது. தூண்டில் களிக்கு ராகி மாவு இரண்டு டம்ளர், கோதுமை மாவு அரை டம்ளர், வறுத்துப் பொடித்த கடலைப் புண்ணாக்கு ஒரு கைப்பிடி, தண்ணீர் ஒன்றரை டம்ளர். தண்ணீர் கொதித்ததும் ராகி மாவைக் கொட்டிக் கிண்டி, மூடி போட்டு ஐந்து நிமிடம் சிறுதீயில் விட்டு இறக்க வேண்டும். சூடு ஆறும் முன், கையை நனைத்துக்கொண்டு, கோதுமை மாவும் புண்ணாக்கும் சேர்த்துப் பிசைய வேண்டும். நெல்லிக்காய் அளவு உருட்டிக் கொதிநீரில் போட்டால் பத்து நிமிடத்தில் மிதந்து வரும். பெருங்காயம் ஒரு சிட்டிகை சேர்ப்பவர்கள் உண்டு, சேர்த்தால் கெடுதல் இல்லை.

கிளம்பும் முன் ஒரு உருண்டையை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கால் மணி நேரம் கரையாமல் இருக்க வேண்டும். கரைந்தால் கோதுமை போதவில்லை. விரலால் அழுத்தினால் ரப்பர் போல எகிறினால் வெந்தது அதிகம்: மீன் கடித்ததும் கோலை வெடுக்கென்று சுண்டும்போது முள் உருண்டையைக் கிழித்து வெளியே வராது, மீன் வாயில் ஏறாது. தோல்வியில் பாதி இந்த இரண்டில் ஒன்றுதான். முள்ளுக்குத் தக்கபடி பிய்த்து, முனை மட்டும் மூடும்படி வைக்க வேண்டும்.

கே.ஆர்.பி. அணைக்குக் கீழே தென்பெண்ணையில் நெடுங்கல் தடுப்பணை, அங்கிருந்து கால்வாய் வழியாகப் பாரூர் பெரிய ஏரி. சாயங்காலத்துக்கு இதைவிட நல்ல இடம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இல்லை. பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையமும் உண்டு, திலாப்பியா வளர்ப்பைப் பற்றிக் கேட்க வருகிற விவசாயிகளை அந்தப் பக்கம் பார்க்கலாம். மக்கள் வாயில் அது ஜிலேபி மீன்.

ஏரியில் உட்காரும் இடம் புதுத்தண்ணீர் வரும் கால்வாய் வாய். தண்ணீர் வராத நாளில் கோரைப்புல் முடிகிற ஓரம். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். தக்கையின் ஆழத்தை மாற்றினால் மீனையே மாற்றலாம். மீன் வாய் வைப்பதும் ஒவ்வொன்றுக்கு ஒரு விதம். ஜிலேபி கடகடவென்று கொத்தும், தக்கை பக்கவாட்டில் நகர்ந்த கணமே சுண்ட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் முள்தான் வரும். மிர்கால் தரையிலிருந்து ஈயத்தோடு தூக்குவதால் தக்கை மேலே எழும்பிப் படுக்கும். புதிதாகப் போடுபவர்கள் தக்கை மூழ்கட்டும் என்று காத்திருந்து இதைத்தான் கோட்டை விடுவார்கள். ரோகு இரண்டு மூன்று முறை தட்டிவிட்டு ஒரே இழுப்பாக இழுக்கும். இரண்டு கிலோ ரோகு மாட்டினால் கோலை நட்டுக்குத்தாகப் பிடித்து, வளைவு அதன் வேகத்தைத் தின்னும்படி விட்டு, கரையோரமாக அதன் கூடவே நடக்க வேண்டும். கோலை மீனை நோக்கிச் சாய்த்தால் 0.40 நரம்பும் அறும்.

விராலுக்கு உயிர்த்தவளை மாட்டுவது பழைய வழக்கம். அது வேண்டாம், ரப்பர் தவளையே போதும், தாமரை இலை மேல் போட்டுத் தத்தித் தத்தி இழுத்தால் பாயும். விரால் காற்றைக் குடிக்க மேலே வரும், அந்த வளையம் கண்ட இடத்துக்கு ஓரடி தள்ளிப் போட வேண்டும். மழைக்காலத்தில் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் ஒன்று பந்து போல நகர்வதைக் கண்டால் கோலைச் சுருட்டிவிடுங்கள். கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும், எதைப் போட்டாலும் கோபத்தில் கடிக்கும். அதைத் தூக்கினால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை.

கெளுத்தி வந்தால் துணியால், மார்புமுள்ளுக்குப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் விரலை வைப்பதுதான் வலி குறைய வழி. ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தால் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது. அது வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன், ஏரியில் மற்ற எதையும் மிச்சம் வைக்காது.

மறுநாள் தர்மபுரி, பெண்ணாகரம் வழியாக ஒகேனக்கல், தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பெண்ணாகரம் தாண்டிக் காடு தொடங்கும். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணில் முயல் வலை கிடந்த காலம் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல், காட்டுப்பன்றி, கவுதாரி, உடும்பு எதைப் பிடித்தாலும் வழக்கு. வலை போய்விட்டது, தடம் பார்க்கும் கண் மட்டும் பெரியவர்களிடம் மிச்சம் இருக்கிறது, காட்டு ஓரத்தில் தூண்டில் போடுகிறவருக்கு அது உயிர் காக்கும். யானையின் முன்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்து, அதை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் வரும். லத்தியில் ஆவி வந்தால் உயரமெல்லாம் அளக்க வேண்டாம், வந்த வழியே திரும்ப வேண்டும். விடியற்காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் இந்தச் சாலையில் இருசக்கர வண்டி வேண்டாம்.

ஒகேனக்கல்லில் கோலைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. சுற்றியுள்ள காடு 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், அனுமதியில்லாமல் தூண்டில் போடுவதும் குற்றம். தண்ணீரில் முதலை உண்டு, நீர்நாய் உண்டு. திமில் வைத்த மகசீர் உலகத்திலேயே காவிரிப் படுகையில் மட்டும் உள்ள மீன், அழிவின் விளிம்பில் நிற்கிறது. 1946இல் கபினியில் 120 பவுண்டு எடையில் ஒன்று பிடிபட்டதாகப் பதிவு. அணைகள், மணல் அள்ளியது, தோட்டா போட்டது என்று காரணம் பல. தோட்டா போட்டு மீன் பிடிப்பதை 1897இன் மீன்வளச் சட்டமே தடுத்தது, கையை இழந்தவர்களைக் கண்டும் சிலருக்குப் புத்தி வரவில்லை.

இங்கே செய்ய வேண்டியது பரிசலும் சாப்பாடும். கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்தைப் பார்த்துப் பரிசலை நிறுத்திவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் கிளம்புமுன் அன்றைய கன அடியை விசாரித்துக்கொள்வது நல்லது. மீனை நீங்களே வாங்கிக் கொடுத்தால் ஆற்றங்கரையிலேயே அக்காமார்கள் சமைத்துத் தருவார்கள். மீனுக்கும் சமையலுக்கும் தனித்தனிக் காசு, முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து ரத்தச் சிவப்பு இருந்தால் மட்டும் வாங்குங்கள், பழுப்பு என்றால் ஐஸில் கிடந்தது.

தூண்டிலுக்குக் காவிரி வேண்டுமென்றால் பெண்ணாகரத்துக்குத் திரும்பி ஏரியூர் வழியாக நாகமரை. மேட்டூர் அணையின் தேங்குநீர் இது, எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. மேட்டூர் மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தண்ணீருக்கு மேலே தெரியும். இங்கே மீன் பிடிப்பது உரிமம் வாங்கிய மீனவர்களின் பிழைப்பு. வலை விரித்த பக்கம் கோல் போடக் கூடாது, முள் வலையில் மாட்டினால் கிழிவது அவர்கள் சோறு. "எந்தப் பக்கம் போடலாங்க?" என்று கேட்டால் அவர்களே இடம் காட்டுவார்கள்.

கரை இங்கே சரிவு, வண்டல் படிந்தது. காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால் தொடை வரை இறங்கும். குச்சியால் குத்திப் பார்த்துத்தான் அடி எடுக்க வேண்டும்.

மேட்டூர் தேங்குநீர் மீனில் சில மாதம் மண் வாடை அடிக்கும். நீலப்பச்சைப் பாசியிலிருந்து வருவது அது, புளிப்பு பட்டால் குறையும். செதில் சீவி, கல் உப்பு போட்டுக் கல்லில் தேய்த்து, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலை முழுக்க உரித்துவிட்டு, மோரில் அரை மணி ஊறவைத்துக் கழுவ வேண்டும். குழம்புக்குப் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். கூட ராகி களி. தூண்டிலுக்குக் கிண்டியது போக மிஞ்சிய மாவில், இந்த முறை ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர்.

அறுந்த தங்கூசித் துண்டுகளைக் கரையில் விடாமல் பழைய பாட்டிலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள், கொக்கின் காலிலும் நீர்நாயின் கழுத்திலும் சுற்றுவது அதுதான். முள்ளைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தொட்டுத் தக்கையில் குத்திவைத்தால் அடுத்த முறை வரை துருப் பிடிக்காது.