700 எம்பி சீடில 714 எம்பி ஏத்துன கதை

2004ல நடந்தது இது. தாத்தாவோட சதாபிஷேக வீடியோவ கேசட்ல இருந்து கம்ப்யூட்டருக்கு ஏத்தி டிவ்எக்ஸ்ங்கற வீடியோ சுருக்கற முறையில ஒரே ஏவிஐ ஃபைலா பண்ணி வச்சிருந்தேன், பார்த்தா 714 எம்பி. மாமாவுக்கு விடிஞ்சா மஸ்கட் ஃப்ளைட், கையில சீடி குடுத்தாகணும். திரும்ப என்கோட் பண்ணலாம்னா எங்க வீட்டு பென்டியம் 3க்கு ராத்திரி முழுக்க வேணும், நடுவுல கரண்ட் போனா அதுவும் அம்போ. ரெண்டு சீடியா வெட்டிடலாம்னா "ஒண்ணா இருந்தா நல்லாருக்கும்டா"ன்னு மாமா சொல்லிட்டார். இருந்ததோ நாலே பிளாங்க் சீடி, அதுவும் ரெண்டு வேற வேற கம்பெனி.

சீடிக்கு எம்பிங்கறது நாம வச்ச கணக்குதான், அதுக்குத் தெரிஞ்சது நிமிஷம். ஒரு செகண்டுக்கு 75 செக்டர் (சீடில எழுதற சின்னச் சின்ன துண்டு), டேட்டான்னா ஒரு செக்டர்ல 2048 பைட். அப்படிப் பார்த்தா ஒரு நிமிஷம்னா கிட்டத்தட்ட 8.8 எம்பி, 80 நிமிஷ சீடில 702, 703 வரைக்கும் போகும். என்னோட 714க்கு 81 நிமிஷம் 14 செகண்ட் வேணும். (80 வயசு தாத்தாவுக்கு 80 நிமிஷம் பத்தல.) ஆனா டேட்டா முடிஞ்சதுக்கப்புறம் லீட்-அவுட்னு முடிவு அடையாளமா ஒண்ணரை நிமிஷம் எழுதணும்கறதால அதுக்கும் டிஸ்க்ல இடம் விட்டிருப்பாங்க, அதுக்கு மேலயும் கொஞ்சம் ஓரம் இருக்கும். அந்த இடத்துல கை வைக்கிறதுதான் ஓவர்பர்ன்.

சீடி எழுதற நீரோ சாஃப்ட்வேர்ல எக்ஸ்பர்ட் ஃபீச்சர்ஸ்ல போய் ஓவர்பர்ன டிக் பண்ணி லிமிட்ட 82 நிமிஷம்னு போட்டேன். மல்டிசெஷன் (பின்னாடி மறுபடி எழுத இடம் விடறது) ஆஃப், டிஸ்க் அட் ஒன்ஸ் (முழு சீடியையும் ஒரே மூச்சுல எழுதறது) ஆன், ட்ராக் அட் ஒன்ஸ்ல வச்சா இது நடக்காது. இதெல்லாம் சரியாப் பண்ணிட்டு எழுதற ஸ்பீட மட்டும் 40எக்ஸ்லயே விட்டுட்டேன். 99 பர்சன்ட் வரைக்கும் ஜம்முனு போச்சு, அப்புறம் ரைட்டர் லைட்டு மினுக் மினுக்குனு, உள்ள சுத்துற சத்தம் ஏறி இறங்கி, கடைசில ரைட் எரர். அந்த சீடி இப்போ தோட்டத்துல கொய்யா மரத்துல தொங்குது, கிளி வெரட்ட.

அப்பதான் ஃப்ரெண்டுக்கு போன் போட்டேன், அவன் திட்டிட்டு "சீடி ஸ்பீட்ங்கற சாஃப்ட்வேர்ல ஓவர்பர்ன் டெஸ்ட் ஓட்டிப் பார்த்தியாடா"ன்னான். அந்த டெஸ்ட் டிஸ்க்ல எதுவும் எழுதாம எது வரைக்கும் போகும்னு சொல்லிடும். முதல்ல வீணான கம்பெனி சீடி 81 நிமிஷத்தக்கூட தாண்டல, இன்னொரு கம்பெனி சீடி 82 நிமிஷத்தையும் தாண்டுச்சு. ரெண்டு அட்டையிலயும் போட்டிருக்கறது அதே 700தான்!

அத போட்டு, ஸ்பீட 8க்கு இறக்கி, ஆன்டிவைரஸ் எல்லாம் நிறுத்திட்டு பத்து நிமிஷத்துக்கு மேல உக்காந்திருந்தேன். எழுதி முடிஞ்சுது. என் ரைட்டர்ல ஃபைல காப்பி பண்ணிப் பார்த்தேன், சுத்தமா வந்துச்சு. பக்கத்து வீட்டு பழைய சீடி-ராம்ல போட்டா கடைசில போய் நின்னுடுச்சு. சீடிய உள்ளருந்து வெளிய தான் எழுதும், அதனால விளிம்புல போய் உக்கார்றது ஃபைலோட வால், ஏவிஐக்கு இண்டெக்ஸ் (எந்தக் காட்சி எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணை, இழுத்து ஓட்ட இது வேணும்) இருக்கறதும் அந்த வால்லதான். தலைய கொண்டு போய் எங்க வச்சிருக்கான் பாருங்க.

இதுக்கு பதிலா விசிடியா (வீடியோ சீடியா) போட்டிருந்தா அதே சீடில 790 எம்பிக்கு மேலயே போகும், அதுல ஒரு செக்டருக்கு 2324 பைட், தப்பு திருத்தறதுக்கு வைக்கிற இடத்தயும் வீடியோவே எடுத்துக்கும். ஆனா விசிடிக்கு எம்பெக்-1ங்கற பழைய முறைதான், டிவ்எக்ஸ் அளவுக்கு சுருக்காது, நிமிஷக் கணக்கு அதே 80 தான், ரெண்டு மணி நேர ஃபங்ஷனுக்கு எங்க போறது.

மாமாகிட்ட "போனதும் ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணிடுங்க"ன்னு சொல்லித்தான் அனுப்பினேன். ஒரு வாரம் கழிச்சு போன். "படம் ஓடுதுடா, ஆனா இழுத்து ஓட்ட முடியல, மொதல்லருந்து முழுசா உக்காந்து பார்த்தேன், கடைசில ஆரத்தி எடுக்கறப்போ நின்னுடுச்சு." அப்புறம் ஆபீஸ்ல வேற கம்ப்யூட்டர்ல போட்டதுல ஆரத்தியும் வந்துருச்சாம்.