கட்டைவிரல் இன்னும் அடங்கவில்லை

பாறையேற்றத்தில் மூன்றாவது வாரமாக அதே இடத்தில் நிற்கிறேன். லீட் ஏறும் நண்பன், அதாவது கயிற்றை வழியில் தானே மாட்டிக்கொண்டு ஏறுபவன், நான்காவது கிளிப்புக்கு (கயிற்றை மாட்டும் கொக்கி) கயிற்றை இழுப்பான், கீழே நின்று கயிறு விடும் என் கிரிகிரி (இழுபட்டால் தானாகப் பூட்டும் கயிற்றுக் கருவி) 'டக்' என்று பூட்டிக்கொள்ளும், மேலேயிருந்து "டேய், கயிறு!" என்று ஒரு அலறல். ஒரு கையில் தொங்கிக்கொண்டு கயிற்றைப் பல்லில் கடித்தபடி காத்திருந்தவர்களுக்கு அந்த அரை நொடியின் நீளம் தெரியும்.

தானாகப் பூட்டாத எளிய கருவியான ட்யூபில் இரண்டு வருடம் பிலே செய்த, அதாவது ஏறுபவருக்குக் கீழே நின்று கயிறு பிடித்த கை இது. அதில் கயிறு தண்ணீர் மாதிரி ஓடும். கிரிகிரியில் கயிறு வெடுக்கென்று இழுபட்டால் உள்ளே கேம் என்ற சுழல் துண்டு சுழன்று கயிற்றை நெரித்துவிடும். விழும்போது காப்பாற்றுவதும் அந்தக் கேம்தான், கிளிப் போடும்போது கழுத்தறுப்பதும் அதேதான்.

போன மாதம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். கருவியை அப்படியே உள்ளங்கையில் பொத்தி, கட்டைவிரலால் கேமை அமுக்கிப் பிடித்துக்கொள்வது. கயிறு ஜோராகப் போனது, எனக்கும் பெருமை தாங்கவில்லை. பக்கத்துப் பாதையில் பிலே செய்துவிட்டு வந்த ஒரு அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இப்ப அவர் விழுந்தா உன் கை என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்டார். திடுக்கிட்டால் கை இறுகும். இறுகினால் கேம் திறந்தே இருக்கும். விழுபவரை நிறுத்தக் கை பிடித்திருக்க வேண்டிய பக்கமான பிரேக் கயிற்றிலோ என் விரல் ஒன்றுகூட இல்லை. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

இப்போது ஒழுங்கான பிடிக்குத் திரும்பியாயிற்று. கருவியின் ஓரத்தில் உதடு போல மடிந்திருக்கும் விளிம்புக்கு அடியில் சுட்டுவிரல், கேம் மேல் கட்டைவிரல், மற்ற மூன்று விரல்களும் பிரேக் கயிற்றைச் சுற்றி. இடது கை கயிற்றை உருவும், அடுத்த கணமே கட்டைவிரல் விலக வேண்டும். இந்த விலகல்தான் எனக்கு வரவில்லை. வேலை முடிந்த பிறகும் கட்டைவிரல் அங்கேயே குடியிருக்கிறது.

வீட்டில் தம்பியை இழுக்கச் சொல்லிப் பழகினேன். 20 இழுப்பில் 7 தடவை சிக்கல். கயிற்றை முழுவதும் உருவி, முறுக்கெல்லாம் எடுத்து, தரையில் மடிப்பு மடிப்பாகப் போட்டபின் 2 தடவைதான். இத்தனை நாள் கருவியைத் திட்டினேன், பாதிக் குற்றம் பன்றிவால் மாதிரி சுருண்டு கிடந்த கயிற்றுடையது! அதைச் சுருட்டி வைத்தவனும் நான்தான். இன்னொன்று: மேலே நண்பனின் கை கயிற்றுக்குப் போகும்போதே பாறையை நோக்கி ஒரு அடி வைத்தால், கேமைத் தொடாமலேயே கயிறு கிடைக்கிறது. ட்யூப் காலத்தில் இதெல்லாம் செய்ததுண்டு. எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை.

இந்தக் கயிறு 10.2 மி.மீ., உறை வேறு பஞ்சு பஞ்சாகிவிட்டது. அடுத்தது 9.5தான், 70 மீட்டர், நடுப்பகுதியில் நிறம் மாறும் வகை. இதில் நடு அடையாளம் எப்போதோ அழிந்துபோனது. ஆளை இறக்கப் பாதையைப் போல இரு மடங்கு கயிறு வேண்டும்; 60 மீட்டர் கயிற்றில் 32 மீட்டர் பாதை ஏறினால் இறக்கும்போது 4 மீட்டர் உதைக்கும். கயிற்று நுனி கருவிக்குள் நழுவிப் போய்விட்டால் எந்தக் கேமாலும் பிடிக்க முடியாது. அதனால் நுனி முடிச்சு போடாமல் இப்போதெல்லாம் ஷூவைக்கூட மாட்டுவதில்லை.

முடிச்சு என்றதும் ஞாபகம் வருகிறது: 1989இல் பிரான்சின் பியூக்ஸில் லின் ஹில் விழுந்தது, இடுப்புப் பட்டியில் கயிற்றைக் கட்டும் முடிச்சை முழுதாகப் போட்டு முடிக்காததால்தான். உலகத்தின் தலைசிறந்த ஏறுபவர்களில் ஒருவர் அவர். மரக்கிளைகள் தாங்கியதால் பிழைத்தார். முடிச்சுப் போடும்போது நண்பனிடம் பேச்சுக் கொடுப்பதை நானும் விட்டுவிட்டேன். அவன் விடவில்லை.

நேற்றைய நிலவரம்: ஐந்தாவது கிளிப் வரை ஒரு சத்தமும் இல்லை. ஆறாவதில் "டேய்!"