ஒரு சங்கிலிக்கு எத்தனை மதிப்பு

எங்கள் வங்கியின் நகைக்கடன் கவுன்டரில் சத்தம் கேட்டால், கையில் கடை பில்லோடு ஒருவர் நிற்கிறார் என்று பெரும்பாலும் அர்த்தம். அம்மா போட்டது, மாமியார் கொடுத்தது என்று பழைய நகை கொண்டு வருகிறவர்கள் அவ்வளவாகச் சண்டை போடுவதில்லை. "எவ்வளவு தேறும் தம்பி?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பில்லோடு வருகிறவருக்கு மனதில் ஏற்கெனவே ஒரு தொகை இருக்கிறது. "நாலு லட்சத்துக்கு மேல கொடுத்து வாங்கினது சார், நீங்க இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலன்னு சொல்றீங்களே?"

அவர் கோபப்படுவதில் நியாயம் உண்டு. வங்கி சொல்வதிலும் தப்பில்லை. எங்கே இடிக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் சமாதானம் ஆகிவிடுவார்கள். இன்றைய விலையை எழுதினால் நீங்கள் படிப்பதற்குள் மாறிவிடும், அதனால் 22 காரட் கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பவுன் சங்கிலி, 40 கிராம். தங்கத்துக்கு மட்டும் 3,60,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 43,200. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 12,096. ஆக பில்லில் 4,15,296 ரூபாய்.

வங்கி இதில் சேதாரத்தையும் வரியையும் ஏறெடுத்தும் பார்க்காது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, கடந்த 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் முடிவு விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். விலை ஏறிக்கொண்டே போகும் மாதத்தில் டி.வி.யில் ஒரு விலை, எங்கள் கணினியில் ஒரு விலை என்று இருப்பது இதனால்தான். சொந்தச் செலவுக்கு வாங்கும் கடன் என்றால், கடன் தொகை இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. நம் சங்கிலிக்கு 80 சதவீதம், அதாவது 2,88,000. அதையும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட முடியாது. ஒரு வருடம் கழித்து அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டுகிற கடன் என்றால், வட்டியும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். ஒன்பது சதவீத வட்டிக்குக் கையில் வருவது சுமார் 2,64,000.

கடைக்காரர் சொன்னது நகையின் விலை. எங்களுக்கு வேண்டியது வேறு விஷயம்: இவர் மீட்க வராமலே போனால், இதை ஏலத்தில் என்ன தொகைக்கு எடுப்பார்கள்? அங்கே டிசைனுக்குக் காசு கிடையாது. நகை மூழ்கிப்போய் ஏலத்துக்கு வந்தால், ஆரம்ப விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் 85 வரை இறக்கலாம். கடன் போக மிச்சம் இருந்தால் அது வாடிக்கையாளர் பணம், ஏழு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். பலருக்கு இது தெரியாது. ஏலம் போனால் எல்லாம் போச்சு என்று நினைத்து வங்கிப் பக்கமே தலைகாட்டாமல் இருந்துவிடுகிறார்கள்.

சதவீதமெல்லாம் சட்டம் சொல்லிவிடும். மனிதக் கை படுகிற இடம் அப்ரைசரின், அதாவது நகையின் தரம் பார்த்து மதிப்புச் சொல்பவரின் மேசை. சின்ன மேசைதான்: தராசு, லென்ஸ், உரைகல், அமிலக் குப்பி. அவர் வங்கி ஊழியர் இல்லை, பெரும்பாலும் கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன். ஆனால் போலி நகை உள்ளே போய்விட்டால் முதலில் அவர் கழுத்துக்குத்தான் கத்தி. அதனால் கொஞ்சம் கெட்டியாகத்தான் கழிப்பார். கறுப்புக் கல்லில் நகையின் ஓரத்தை ஒரு இழு, பக்கத்திலேயே தரம் தெரிந்த ஊசியால் ஒரு இழு. இரண்டு கோட்டின் மேலும் ஒரு சொட்டு அமிலம். பித்தளை என்றால் நுரைத்துக் காணாமல் போகும். தங்கம் அப்படியே நிற்கும். நடுவில் மங்கலாக நிற்கிற கோடுதான் சிக்கல், அதில் காரட் சொல்ல அனுபவம் வேண்டும். இப்போது ஆறு எழுத்து ஹால்மார்க் எண் இருக்கும் நகைகளில் இந்த வேலை எளிது. கடைகளில் அது கட்டாயமானது 2023 ஏப்ரலில்தான், பெட்டிக்குள் இருக்கும் நகைகளில் பெரும்பகுதி அதற்கு முந்தையவை.

கல் வைத்த நெக்லஸ் வந்தால் எனக்கே சங்கடமாக இருக்கும். சில கடைகளில் கல்லையும் தங்கத்தோடு சேர்த்து எடை போட்டு விற்றிருப்பார்கள். அப்ரைசர் கல்லைக் கழிப்பார், உள்ளே இருக்கும் அரக்கையும் கழிப்பார். மூன்று பவுன் என்று பெருமையாகக் கொண்டுவந்த அட்டிகை இரண்டு பவுனுக்கும் கீழே இறங்கும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. விற்றவர் எங்கோ இருக்கிறார், கெட்ட பெயர் எங்களுக்கு.

இந்த அரக்குத் தகராறு புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த நகைகளைப் பற்றிய கல்வெட்டுகளைப் பார்த்தால், பொன் இத்தனை கழஞ்சு, மணிகள் இத்தனை என்று எண்ணிவிட்டு, அரக்கு உட்பட நிறை எவ்வளவு என்றும் எழுதியிருப்பார்கள். பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயரும் இருக்கும், ஆடவல்லான் என்று. ஆயிரம் வருடத்துக்கு முன்பே மொத்த எடையிலிருந்து தங்கத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஊர் இது. நம் நகைக்கடை பில்லில் அந்த ஒழுங்கு இருந்தால் என் கவுன்டரில் பாதிச் சத்தம் குறையும்.

புதிய விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் கண்முன்னே தரம் பார்க்க வேண்டும். பிறகு தரம், மொத்த எடை, நிகர எடை, எதற்காக எவ்வளவு கழித்தார்கள், மதிப்பு எல்லாம் எழுதிய சான்று ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். கழித்த எடைக்கு எதிரே காரணம் எழுதியே ஆக வேண்டும் என்றால் அப்ரைசரின் கை தானாகவே நிதானமாகிவிடும். அந்தத் தாளைக் கசக்கி பர்ஸில் திணிக்காதீர்கள். நகையை மீட்கும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

அப்புறம், முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் எங்கள் கிளையில் மீட்கிற கூட்டம், கல்யாணம் முடிந்ததும் திரும்ப வைக்கிற கூட்டம். எல்லா நகையையும் ஒரே கடனில் வைத்துவிட்டு, "அந்தச் செயினை மட்டும் கொடுங்க சார், பொண்ணு நிச்சயத்துக்குப் போடணும்" என்று வந்து நிற்பார்கள். மொத்தக் கடனையும் கட்டாமல் எடுக்க முடியாதபடி மாட்டிக்கொண்டிருக்கும். வங்கிக் கணக்கில் அந்தச் செயினும் வளையலும் ஒரே கிராம் விலைதான், வீட்டுக் கணக்கில் இல்லை. அதனால் வைக்க வருகிறவர்களிடம், "அக்கா, நாளைக்கு அவசரமா எது வேணும்?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அதற்கு மட்டும் தனிக் கடனாகப் போட்டால் எனக்கு இன்னொரு விண்ணப்பம் எழுதுகிற வேலை, அவ்வளவுதான்.